தண்ணீர் வரும் இடத்துக்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள்

என் வீட்டுக்கு மழையைக் கூட்டிவந்தவளே, சுகந்தி,

நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டேன். போன இடத்தில் உனக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? குறை எல்லாம் இங்கேதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகும், அச்சாபீசில் நேராக்கிவிடுவார்கள். ஆமாம், இதை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கப் போகிறேன். மருமகளுக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்பாய். உன் பெயரை ரோட்டில் கட்டித் தொங்கவிட்டது ஊர்தானே? படிக்கட்டும்.

உனக்கு முதல் வருஷத் திதி கொடுத்த மறுநாள், ஒரகடம் ரோட்டிலிருந்து நம் ஊர் திரும்புகிற முனையில் ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. மாடி உயரம். அதில் பெரிதாக யார் என்று நினைக்கிறாய்? தங்கராசு. மனை போட்டு விற்கிற அதே தங்கராசு. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, விரலுக்கு விரல் மோதிரம். அவன் முழங்கைக்குக் கீழே, ரேஷன் கார்டு படம் அளவுக்கு நீ. ‘எங்கள் மண்ணின் மழை விஞ்ஞானி டாக்டர் சுகந்தி அம்மையாருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.’ அதற்கும் கீழே, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், ‘டாக்டர் சுகந்தி நகர். மனை விற்பனை ஆரம்பம்.’

கிட்டே போய்ப் பார்த்தேன். உன் கழுத்தில் ஒரு ஆரம் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்று நான் போட்ட சங்கிலியையே அரிக்கிறது என்று கழற்றி வைத்தவள் நீ. அதற்காக நான் பேசாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். உன் கழுத்தில் இல்லாத ஆரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறான். நீ கம்ப்யூட்டரில் மழையைப் போட்டுக் காட்டினபோது நம்பாத ஊர், இவன் நகையைப் போட்டால் நம்புகிறது.

சரி, நகர் எங்கே என்று கேள். தாங்கலில்.

காறித் துப்பினேன். எச்சில்தான் போச்சு, ஆத்திரம் போகவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பெரிய ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழியும். வழிந்த தண்ணீர் பாய்ந்து இறங்கி, ஊருக்குள் நுழையாமல் நின்று இளைப்பாறுகிற பள்ளம்தான் தாங்கல். கோடையில் பார்த்தால் மாடு மேய்கிற பொட்டல். அதனால்தான் விற்க முடிகிறது. வேனில் ஆளைக் கூட்டிவந்து காட்டுவது எல்லாம் வெயில் காய்கிற மாதங்களில்தான். ஐப்பசியில் காட்டச் சொல்லேன்.

ஃபிளெக்ஸோடு போயிருந்தால் நானும் துப்பியதோடு விட்டிருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் இசக்கி வந்தாள். நம் பின்பக்க வரிசை அறையில் குடியிருக்கிறாளே, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நீ ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டு, கூப்பிட்டு, வாடகையை ஏற்றவிடாமல் செய்தாயே, அவள்தான். சுங்குவார்சத்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையைக்கூட மாற்றாமல், கையில் தங்கராசு நோட்டீஸோடு ஓடி வந்தாள்.

“ஆச்சி, பாத்தீயளா? அக்கா பேர்லயே நகர் வருதாம்லா!”

“பாத்தேன்.”

“நாங்க அதுலதான் ஒரு மனை சொல்லி வச்சிருக்கோம் ஆச்சி. கைப்பிள்ளையோட எத்தனை வருஷம் வாடகை வீடு மாறது? அடுத்த மாசம் பத்திரம். அக்கா பேரப் பாத்ததுமே எங்க வீட்டுக்காரவுக அட்வான்ஸும் குடுத்துட்டாவ.”

“அது தாங்கல்டி. தண்ணி நிக்கிற எடம்.”

அவள் சிரித்தாள், சுகந்தி. கெட்ட சிரிப்பு இல்லை, நம்புகிறவள் சிரிப்பு. “தண்ணி ஏறுற இடம்னா அக்கா பேர வைப்பாவளா ஆச்சி?”

வேறு எவன் பெயரை வைத்திருந்தாலும் அவள் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். உன் பெயர் இருந்ததால் விசாரிக்கவில்லை. உன் படிப்பு ஒரு பெண்ணையும் அவள் கைக்குழந்தையையும் தண்ணீருக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறது.

இந்தத் தங்கராசு யார் என்று எனக்கு நினைவில்லை என்று அவன் நினைக்கிறான். மறக்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது.

பெருமழைக்கு முன்னால் ஒருநாள், கோயில் மைதானத்தில் கிராமக் கூட்டம். நீ ஊர் வரைபடத்தோடு வந்திருந்தாய். கலங்கல் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எங்கே நிற்கும் என்று பேசினாய். ஊருக்குப் புரிகிற மாதிரிதான் பேசினாய், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசி முடிக்குமுன் தங்கராசு எழுந்தான்.

“மேடம், ஒரு டவுட்டு. நீங்க ஏசி ரூம்ல குந்திகினு பொட்டிக்குள்ள மழைய வரவைக்கிறீங்க. எங்க வூட்டு மாடில துணி காயுது, அத்த எடுக்கட்டுமா வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க.”

மைதானம் முழுக்கச் சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை. நீ மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “நாளைக்கு மழை வருமான்னு நான் பாக்கிறதில்லைங்க. மழையோட குணம் மாறுதான்னு பாக்கிறேன்” என்றாய். யார் கேட்டது?

எனக்கு அன்றைக்கே புரிந்தது. ஒருநாள் குடித்துவிட்டு வந்தவனைக் குடிகாரன் என்று எவளும் சொல்லமாட்டாள். முன்னே எப்போதாவது, இப்போது வாரத்துக்கு இத்தனை நாள், குடித்தால் இவ்வளவு அடி என்று பார்த்தால்தான் குணம் தெரியும். மழைக்கு அந்தக் கெட்ட பழக்கம் எப்படி வந்தது, யார் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று பார்த்தவள் நீ. அதற்காகத்தான் உன் கண் போச்சு, இடுப்பு போச்சு. ஆனால் ஊர் உன்னிடம் கேட்டது வருஷா வருஷம் ஒரே கேள்விதான். கார்த்திகையில் வானம் கறுத்தால் போதும், வாசலில் கூட்டம். “டாக்டரம்மா, நாளைக்கு ஸ்கூல் லீவா?”

உன்மேல் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கல்யாணம் ஆன புதிதில், நீ செய்கிற வேலை என்ன என்று ஆசையாகக் கேட்டேன். உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று இவ்வளவு, ஈரம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று மெஷினில் ஏற்றி ஓடவிடுவதாகச் சொன்னாய். இங்கேயிருந்து கடற்கரை வரைக்கும் ஒரே கட்டம் என்றாய். “ஒரு கார்டுக்கு ஒரே அரிசி மாதிரி அத்தை. ஒரு கட்டத்துக்கு ஒரே மழைதான்.”

“நம்ம ஏரி அதுல எங்க கீது?”

“ஏரி தெரியாது அத்தை.”

“ஊரு?”

“அதுவும் தெரியாது.”

எங்கள் பாட்டன் காலத்திலிருந்து சோறு போட்ட ஏரி உன் மெஷினுக்குத் தெரியாதாம். அந்தக் கோபத்தில் அன்றைக்கு உனக்கு ரசம் ஊற்றவில்லை. நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை, மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துபோனாய். அதற்கும் கோபம்.

பிறகு உன் ஆயுசெல்லாம் அந்தக் கட்டத்தைச் சின்னதாக்குவதிலேயே போச்சு. பெரிய கட்டத்தில் பெருமழை தெரியாது, அது ஒரு மூலையில் கொட்டிவிட்டுப் போகும், கணக்கில் தூறல் மாதிரி நிற்கும் என்பாய். சின்னக் கட்டத்துக்குப் பெரிய மெஷின் வேண்டும். அது கடல் தாண்டி இருக்கிறது என்று, பால் மறந்தும் மறக்காத உன் மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். யாழினி உன் புடவையை முகர்ந்துகொண்டு தூங்கியதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊர் கேட்டது, இவள் என்ன தாய் என்று. நான் அவர்களை விரட்டினேன். விரட்டினேனே தவிர, எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

திரும்பி வந்த அன்றைக்கு, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், “அத்தை, ஏரி வந்துடுச்சு” என்றாய். லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். ஊரெல்லாம் பச்சை, நடுவில் ஒரு நீலப் பொட்டு. அதுதான் நம் பெரிய ஏரி. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். “கையை எடுங்க அத்தை, திரை அழுக்காவுது” என்றாய். மறக்கவில்லை.

அந்த மெஷினில் உலகத்தை இரண்டு முறை ஓடவிடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? புகை கக்கி இவ்வளவு சூடான உலகம் ஒன்று. புகையே விடாத உலகம் ஒன்று. இரண்டிலும் மழை எப்படிப் பெய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பாய். புகை விடாத உலகத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “தாங்கல் இருக்கும் அத்தை. உங்க பிள்ளைக்கு வேலை இருக்காது” என்றாய். உன் புருஷன் பாபு கார் கம்பெனியில் சூப்பர்வைசர் அல்லவா? அவனும் சேர்ந்து மூவரும் சிரித்தோம். அந்த மாதிரி நீ சிரிக்க வைத்தது கொஞ்சம்தான்.

என் தம்பி செத்த அன்று நீ வரவில்லை. வங்காள விரிகுடாவில் புயல் சுழல்கிறது, மெஷினை விட்டு எழமுடியாது என்றாய். அந்தப் புயல் திசை மாறி ஆந்திராவுக்குப் போனது. என் தம்பி சுடுகாட்டுக்குப் போனான். நீ பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து நின்றாய். இது இப்போதைக்கு நிற்கட்டும், கடைசியில் வருகிறேன்.

அப்புறம் அந்தப் பெருமழை வந்தது. நீ காட்டின வழியிலேயே தண்ணீர் இறங்கியது, நீ காட்டின இடத்திலேயே நின்றது. தாங்கலில் அப்போது நாலு குடிசைதான், ஆளை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் ஊர் வந்து என்ன சொன்னது? “தெரிஞ்சிகினு ஏம்மா சொல்லாம வுட்ட?” சிரித்த அதே வாய்கள்! அதே பற்கள்! அன்றைக்கு நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாய். மறுபடியும் உட்கார்ந்து, இந்த மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது என்று கணக்குப் போட்டு எழுத ஆரம்பித்தாய். அந்தக் கணக்கைத்தான் இவன் இப்போது விற்கிறான்.

மார்பில் கட்டி வந்து நீ படுத்த கதையை எழுதமாட்டேன். அது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கு வேண்டாம்.

தாங்கல் வாசலில் உன் பெயர் எழுதி ஒரு வளைவு கட்டினான் தங்கராசு. அதன் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட ஆள் வந்தான். அப்போதுதான் தெரிந்தது, உன் பெயரை வைக்கச் சரி என்று சொன்னது பாபு. என் வயிற்றில் பிறந்தவன்.

“ஏண்டா, அது எந்த எடம்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சிகினா?”

“அவளுக்குன்னு ஒரு தெரு கூட இல்லம்மா. அவ பேரு எங்கயாவது இருக்கட்டுமேன்னு...” தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறானா என்று பார்த்தேன். அழுதான். அதற்காக விட்டுவிட முடியுமா? பெண்டாட்டி போன துக்கத்தை இப்படியா ஆற்றுவது? பெயர் வைக்க வேண்டுமென்றால் மாட்டுக்கு வையேன், தண்ணீர் வந்தால் அதாவது மேட்டில் ஏறி நிற்கும்.

விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்திருப்பேன், ஆனால் என்ன பேசுகிறான் என்று கேட்கவேண்டும் இல்லையா? நாதஸ்வரம், பந்தல், வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி. உன் படத்துக்கு என் கையால் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். உன் படம் என்பதால் ஏற்றினேன். அப்புறம் தங்கராசு மைக்கைப் பிடித்தான்.

“நம்ம டாக்டரம்மாவே கணக்குப் போட்டு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காங்க! அன்னிக்கு வந்துச்சே பேய் மழை, அது நூறு வருஷத்துக்கு ஒரு தபா வர்ற மழை. அது வந்துட்டுப் போயிடுச்சு! இனிமே உங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். இத்த நான் சொல்லல. அந்த அம்மா சொன்னது!”

கை தட்டினார்கள். இசக்கியும் தட்டினாள். அவள் தட்டியதைக் குற்றம் சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்தில் பெண்கள் எல்லோரும் குலுக்கல் சீட்டுப் போடுகிறவர்கள். ஒருத்தி பெயர் விழுந்துவிட்டால் அந்தக் காகிதத் துண்டைக் கிழித்துப் போடுவோம். சீட்டு முடிகிறவரை அவளுக்கு மறுபடி விழாது. மழைக்கும் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை விழுந்தாச்சு, இனி நூறு வருஷம் கழித்துத்தான்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். “இது தாங்கல்...” என்பதற்குள் சத்தத்தை நிறுத்திவிட்டான். மேளத்தை அடிக்கச் சொன்னான். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அதற்குள் ஒரு சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தி, படம் பிடித்து, இறக்கிவிட்டார்கள். மறுநாள் அந்தப் படத்தையும் நோட்டீஸில் போட்டுவிட்டான். ‘விஞ்ஞானியின் மாமியார் வாழ்த்து.’ வாழ்த்தா? தூ! சால்வை மழைக்கு நம் தண்ணீர் மோட்டாரை மூடத்தான் லாயக்கு. அதற்குத்தான் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இசக்கியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ ஆச்சி... தப்பா எடுத்துக்கிடாதீய. வாடகை போயிரும்னுதான் ஆச்சி தடுக்காவன்னு.”

என் வயசுக்கு இதையும் கேட்டேன். அவள்மேல் குற்றம் இல்லை. மோட்டார் போடுகிற நேரத்துக்கும், கொடியில் துணி காயப்போடுகிற இடத்துக்கும் நான் போட்ட சண்டை கொஞ்சமா? நல்லதுக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? உன் வாய் வேண்டியிருந்தது, நீ இல்லை. ஆனால் நீ சொன்னது ஒன்று எனக்குள் இருந்தது.

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல நம் வாசலில் சீட்டு. எல்லாப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பித்தளைச் சொம்பில் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். இசக்கியின் கைக்குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னேன். வசந்தா பெயர் வந்தது. பெயரை வாசித்தேன். வாசித்துவிட்டு, துண்டை மடித்து மறுபடி சொம்புக்குள் போட்டேன்.

“இன்னா ஆயா பண்ற? எடுத்த சீட்ட உள்ள போடற!” என்று ஒருத்தி எழுந்தாள்.

“போட்டேன். அதுக்கின்னா?”

“அடுத்த மாசமும் வசந்தாவுக்கே வந்தா?”

“வந்தா எடுத்துக்குவா.”

“அதுக்கு அடுத்த மாசமும் வந்தா?”

“அதுவும் அவளுக்குத்தான்.”

“ஆயாவுக்கு மூள கலங்கிடுச்சுடி!” என்றாள் ஒருத்தி. “வசந்தா இன்னா ஆயாவுக்குப் புடவ எடுத்துக் குடுத்தாளா?” என்றாள் இன்னொருத்தி. வசந்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை, அவளுக்கென்ன நஷ்டம்? நான் இன்னொரு காகிதத்தில் மறுபடியும் வசந்தா என்று எழுதி, அதையும் மடித்து உள்ளே போட்டேன். அவ்வளவுதான். வாசலே கிழிந்தது.

“ஆச்சி, இது என்ன நியாயம்?” இப்படிக் கேட்டது இசக்கி. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அந்த மாதச் சீட்டு தனக்கு விழும், பத்திரச் செலவுக்கு ஆகும் என்று வந்தவள்.

“நியாயம் இல்லடி. நான் எங்க நியாயம்னு சொன்னேன்? நம்ம சீட்டுல எடுத்த பேர நம்ம கிழிக்கிறோம். மழை கிழிக்கிறதில்ல. எடுத்த சீட்ட அங்கயே திருப்பிப் போட்டுட்டுப் போவுது. இந்த வருஷம் வந்த மழை அடுத்த வருஷமும் வரலாம். சூடு ஏற ஏற அதே பேர இன்னொரு சீட்டுல எழுதிப் போடறாங்க, அதுக்கடுத்து இன்னொண்ணு. நூறுல ஒண்ணா இருந்தது நாலாவுது, அஞ்சாவுது. இந்தச் சொம்ப வெச்சிகினு இதே வாசல்ல உங்க அக்கா எனக்குச் சொன்னது. நானா படிச்சேன்?”

நான் இரண்டு வசந்தாவையும் வெளியே எடுத்துக் கிழித்துப் போட்டேன். சீட்டு நம் சீட்டுத்தான், அதில் நியாயம் உண்டு.

எல்லோரும் போன பிறகும் இசக்கி உட்கார்ந்திருந்தாள். குழந்தை சொம்பை உருட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப அக்கா பேரு எதுக்கு ஆச்சி வச்சாவ?”

“நீ கேக்காம இருக்கத்தான்.”

இரண்டு நாள் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே சண்டை. தகர ஷீட் வழியாக எல்லாம் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். “ஆச்சி பேச்சக் கேட்டு அட்வான்ஸத் தொலைக்கச் சொல்லுதியா?” என்று அவன். “அட்வான்ஸ் போனா சம்பாதிச்சுக்கிடலாம், பிள்ளைய எங்க போய்ச் சம்பாதிப்பீய?” என்று இவள். மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்குப் போகுமுன் வந்து, “பத்திரம் போடலை ஆச்சி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அட்வான்ஸைத் தங்கராசு திருப்பித் தரவில்லை. தரமாட்டான். அவள் புருஷன் என்னைப் பார்த்தால் இன்னும் முகம் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டாம். உயிரோடு இருந்து முறைக்கட்டும்.

ஒரு குடும்பம் தப்பித்தது. வளைவு நின்றுகொண்டுதானே இருக்கிறது? சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வேன் வருகிறது. இறங்குவது எல்லாம் இசக்கி மாதிரிப் பிள்ளைகள். மதுரை, தூத்துக்குடி, ராமநாதபுரம். நம் ஏரி எது, கலங்கல் எது என்று தெரியாது. உன் பெயரை அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

அதனால் நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் உன் வளைவுக்குக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை தங்கராசு ஆளிடம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தனுப்பினான். “சாப்டுட்டு வூட்டுக்குப் போ ஆயா, வெயிலா கீது” என்றான் அந்த ஆள். சாப்பிட்டேன். அவன் பிரியாணிமேல் எனக்கென்ன பகை? சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, வேனிலிருந்து இறங்கியவர்களிடம் சொன்னேன். “இந்த வளைவுல இருக்கிறது என் மருமவ பேரு. இங்க தண்ணி வரும்னு சொன்னவ அவதான்.” மறுவாரம் பிரியாணி வரவில்லை.

பாபு பைக்கில் அந்தப் பக்கம் வந்தான். “ஏம்மா ரோட்ல குந்திகினு மானத்த வாங்கற?” என்றான். “அத்தத்தான் நீ தாங்கல்ல வித்துட்டியே, மிச்சம் இன்னா கீது வாங்க?” என்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நான் அவனுக்கு அம்மா.

போன வாரம் நடந்ததைக் கேள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஏற்கெனவே ஒரு நாற்காலி. இசக்கி. இடுப்பில் குழந்தை. வேன் வந்து நின்றதும் எனக்கு முன்னால் எழுந்து போனாள். “அண்ணே, எந்த ஊரு? கோவில்பட்டியா? நானும் அங்கிட்டுதான். உள்ள போறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. இந்தப் பேரு எங்க அக்கா பேரு...” நான் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்று கடந்துபோனவர்கள், அவள் பேச்சைக் கேட்டு நின்றார்கள். எல்லோருமா? இல்லை. பாதிப் பேர் உள்ளே போனார்கள். பாதிப் பேர் வேனில் ஏறிக்கொண்டார்கள். தங்கராசு தூரத்தில் நின்று பார்த்தான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். அவன் கண்ணை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சின்னக் கண்.

மழைக்காலம் வருகிறது, சுகந்தி. வந்து காட்டட்டும் என்று எனக்குள் ஒரு கெட்ட ஆசை எழும்புகிறது. உள்ளே அவசரமாகத் தகர ஷீட் போட்டுக் குடிபோனவர்கள் இருக்கிறார்கள் என்று அடக்கிக்கொள்கிறேன். நீயும் இப்படித்தான் இருந்தாயா? சொன்னது நடந்தால் வயிறு எரியும், நடக்காவிட்டால் ஊர் சிரிக்கும். இரண்டுக்கும் நடுவில் எப்படித்தான் சோறு தின்றாய்? கேட்டிருக்கலாம் நான். நீயும் சொல்கிறவள் இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வளைவிலிருந்து உன் பெயர் இறங்குகிறவரை, ஞாயிற்றுக்கிழமை எவன் வீட்டுக் கல்யாணமானாலும் போகமாட்டேன். என் நாற்காலி அங்கேதான் கிடக்கும். எனக்கு முடியாமல் போனால் இசக்கி உட்காருவாள், அவளிடம் கேட்டு வாங்கிவிட்டேன். தண்ணீர் வராத மேட்டில் ஒரு தெரு வந்தால் அதற்கு உன் பெயரை வைக்க நானே பாபுவைக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்காக மட்டும் அவனோடு பேசுவேன்.

என் தம்பி சாவுக்கு நீ வராதது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நேரில் வந்து கேட்கிறேன். பதிலை யோசித்து வை.

இப்படிக்கு,
உனக்கு அன்றைக்கு ரசம் ஊற்றாத உன் அத்தை,
மரகதம்